பொனட் பூட்டும் நான் சொல்லிவிட்ட ஒரு பெயரும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, எங்கள் பழைய காருக்கு வீட்டிலேயே வைத்துச் சாவி போட்டுப் பூட்டும் பொனட் லொக் பொருத்திய கதை. போன கிழமை காரைப் பார்த்த நாலைந்து பேர் "எப்படிச் செஞ்ச சேர், எவ்வளவு முடிஞ்சிச்சு" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மற்றது, நான் பகிரங்கமாகத் திருத்த வேண்டிய ஒரு பிழை. பூட்டுக்காக வாசிக்க வருகிறவர்கள் பாதியில் போய்விடாதீர்கள். அந்தப் பிழை இல்லாவிட்டால் இந்தப் பதிவும் இல்லை.

எங்கள் காரை ஊரில் தெரியாதவர்கள் குறைவு. வாப்பா வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சீசீ. வாப்பா மௌத்தான பிறகு என் கைக்கு வந்தது. மாற்றிவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு விலையைக் கேட்டுப் பார்த்தேன். கேட்டதோடு சரி. இருக்கிற காரை வைத்துக் காலத்தை ஓட்டுவோம் என்று முடிவெடுத்தேன். உங்களில் பலருடைய நிலையும் இதுதான்.

பொனட்டைத் திறக்க ட்ரைவர் பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி முன்னால் உள்ள கொழுக்கியை விடுவிக்கும். எங்கள் காரில் அந்தக் கம்பி மூன்று வருடத்துக்கு முன்பே அறுந்துவிட்டது. அன்று வேலை செய்தவர் மிச்சக் கம்பியின் முனையை கிரில் வழியாக வெளியே எடுத்து, ஒரு வளையம் மாதிரி முறுக்கிவிட்டு, "இப்போதைக்கு இப்பிடிக் கிடக்கட்டும் சேர்" என்றார். விரலைப் போட்டு இழுத்தால் பொனட் திறக்கும். என் விரல் என்றில்லை, யார் விரலென்றாலும் திறக்கும். அந்த "இப்போதைக்கு" மூன்று வருடம் ஓடியது. யாராவது சொன்னால், "நம்மட ஊருக்குள்ள யார் எடுக்கப் போறாங்க, அல்லாஹ் பாதுகாப்பான்" என்பேன்.

ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. பொனட்டைத் தூக்கிப் பார்த்தால் பெட்டரி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

வயரை வெட்டி எடுத்திருக்கவில்லை. டெர்மினல் இரண்டையும் 10ஆம் நம்பர் ஸ்பெனரால் அழகாகக் கழற்றி, கிளாம்பைக்கூட ஒரு பக்கமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், "இது வேலை தெரிஞ்ச ஆள் செஞ்சது" என்பதுதான். இரண்டாவது எண்ணமாக ஒரு பெயர் வந்தது.

நாங்கள் வழமையாகப் போகும் கராஜில் வேலை செய்யும் ஒரு தம்பி. என்னிடம் படித்தவன். அதற்கு முந்திய கிழமைதான் அதே பெட்டரிக்குத் தண்ணீர் விட்டுத் தந்திருந்தான். கம்பியின் முனை எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். என்னிடம் இருந்த ஆதாரம் இவ்வளவுதான்.

அந்தப் பெயரை நான் மனதுக்குள் வைத்திருந்திருக்கலாம். வைத்திருக்கவில்லை. காலையில் தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் "என்ன சேர், கார் எங்க?" என்று கேட்டபோது கதையைச் சொன்னேன். கடைசியில், "போன கிழம அவன்தானே பெட்டரியப் பாத்த, தெரியா" என்றும் சொன்னேன். "தெரியா" என்று முடித்ததால் நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அஸருக்குப் போகும்போது என் கதை எனக்கே திரும்பி வந்தது. அதில் "தெரியா" இருக்கவில்லை. "சேர்ட பெட்டரிய எடுத்தது கராஜ்ல நிக்கிற பொடியனாமே?" என்றார் ஒருவர். அதைக் கேட்டு நான் மறுக்கவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒழுச் செய்யப் போனேன். அந்த "பாப்போம்"தான் எல்லாவற்றிலும் மோசமானது. முதலில் சொன்னது கோபத்தில் வந்தது. இது யோசித்து வந்தது.

அடுத்த நாள் கராஜ் முதலாளி அவனை, "ரெண்டு மூணு நாளைக்கி வீட்ட நில்லு" என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாடிக்கையாளர்கள் கேட்டால் அவர் என்ன சொல்வார்? இரண்டு மூன்று நாள் பத்து நாளாகியது. அவன் நாள் சம்பளத்துக்கு நிற்பவன்.

பத்தாவது நாள் மஃரிபுக்குப் பிறகு அவனுடைய உம்மா எங்கள் கேற்றடிக்கு வந்தார். மனைவி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னார்:

"சேர், அண்டைக்கி ராவு அவன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில மூத்தம்மாக்குப் பக்கத்துல நிண்ட. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பம். ஸ்பெனர் புடிக்கத் தெரிஞ்சதுதான் குத்தமெண்டா, அத அவனுக்குப் படிச்சுக் குடுத்தது நீங்கதான் சேர்."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது உண்மை. செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடத்தில் எட்டாம் ஆண்டில் அவனுக்கு ஸ்பெனர் நம்பர்களைப் படிப்பித்தது நான். நட்டின் தலை கெடாமல் எப்படிக் கழற்றுவது என்று காட்டியதும் நான். அழகாகக் கழற்றியிருந்ததைப் பார்த்து அவன்மேல் சந்தேகப்பட்டவனும் நான்.

சந்தேகங்களில் அதிகமானவற்றை விட்டும் விலகிக்கொள்ளச் சொல்லும் சூரா ஹுஜுராத்தின் 12ஆவது ஆயத்தை நான் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். சொன்னது உண்மையாக இருந்தால் புறம், பொய்யாக இருந்தால் அவதூறு என்று குத்பாக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்திருக்கிறேன்.

அன்று இரவே அவனுடைய வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தது எதுவும் அங்கே வரவில்லை. "தம்பி, நான் பிழையாச் சொல்லிட்டன். என்ன மன்னிச்சிக்க" என்று மட்டும் சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "சேர், அந்தக் கம்பி இன்னும் வெளியதான் தொங்குதா?" என்று கேட்டான்.

தொங்கியது. பத்து நாளாக ஊரெல்லாம் கள்ளனைத் தேடிய நான், அந்தக் கம்பியைத் தொடவேயில்லை.

"கேபிள மாத்துங்க. மாத்தினாலும் உங்கட கிரில் உடைஞ்சி கிடக்கு, கை போகும். சாவி லொக் ஒரு சோடி போடுங்க. வீட்டிலயே போடலாம், பெரிய வேல இல்ல" என்றான். பிறகு மூன்று விஷயம் சொன்னான். ட்ரில் பண்ணும்போது ரேடியேட்டருக்கு முன்னால் பலகை வைக்க வேண்டும். முதலில் சின்ன பிட், அதுவும் பொனட்டுக்குக் கீழிருந்து. கிட்டோடு வருகிற ஸ்க்ரூவைப் பாவிக்கக் கூடாது, உள்ளுக்கு நட் போட வேண்டும். உள்ளே போய் பழந்துணியில் சுற்றிய பெரிய பிட் ஒன்றைக் கொண்டு வந்து கையில் தந்தான். "இது முதலாளிட சாமான் சேர். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள தாங்க."

ஒரு சாமானைத் திருடியவன் என்று நான் பெயர் சொன்ன பிள்ளை, இன்னொருவருடைய சாமானை என்னை நம்பித் தந்தான். அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

இனிப் பூட்டின் கதை.

நான் வாங்கியது எல்லா வாகனத்துக்கும் பொதுவாக வருகிற பொனட் பின் லொக். சோடி 3,800 ரூபாய். கொழும்பு போகிற ஒருவரிடம் சொல்லி பஞ்சிகாவத்தையில் எடுப்பித்தேன். விரல் தடிப்பில் மரையுள்ள இரண்டு பின், அதற்கு நட்டும் வாஷரும், பொனட்டுக்கு மேலே வைக்கும் இரண்டு தகடு, பின்னின் தலையில் மாட்டிச் சாவியால் திருப்பும் இரண்டு பூட்டு. வேலை செய்யும் விதம் எளிது. பின் கீழே காரின் உடலில் நிற்கும். பொனட்டை மூடும்போது அதன் தலை பொனட்டில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வரும். அதில் பூட்டை மாட்டினால் பொனட் மேலே வராது.

சனிக்கிழமை காலையில் மகனை உதவிக்கு வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

பெட்டரி உள்ள வாகனமென்றால் முதலில் அதன் கறுப்பு முனையைக் கழற்றுங்கள். இரும்புத்தூள் விழும் இடம் அது. எனக்கு அந்த வேலையை ஏற்கனவே வேறொருவர் செய்து தந்துவிட்டார்.

ரேடியேட்டருக்கு மேலே குறுக்காகப் போகும் தகட்டில்தான் பின் நிற்க வேண்டும். நடுவில் உள்ள கொழுக்கியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் அளந்து அடையாளம் வைத்தேன். கீழே வயர், குழாய் ஏதாவது போகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். பிறகு ரேடியேட்டரை மறைத்து ஒரு பலகை. இந்தப் பலகையைச் சும்மா சொல்லவில்லை. முதல் ஓட்டையில் பிட் தகட்டைத் துளைத்த வேகத்தில் சறுக்கிப் பலகையில் போய் இறங்கியது. பலகை இல்லாவிட்டால் 3,800 ரூபாய் வேலைக்கு ஒரு ரேடியேட்டர் செலவாகியிருக்கும்.

ஓட்டையில் பின்னை நிறுத்தி, தகட்டுக்கு மேலே ஒரு நட், கீழே ஒரு நட் போட்டுக் கையால் மட்டும் இறுக்குங்கள். உயரத்தைப் பிறகு மாற்ற வேண்டி வரும்.

பொனட்டில் எந்த இடத்தில் ஓட்டை போடுவது என்பதுதான் பலர் பயப்படும் இடம். பாடசாலைப் புத்தி கைகொடுத்தது. சிவப்பு வெண்கட்டியைத் தூளாக்கித் தண்ணீரில் குழைத்து, பின்னின் தலையில் பூசினேன். பொனட்டை மெதுவாக இறக்கி, பின்னில் தொட்டதும் திரும்பத் தூக்கினேன். உட்பக்கத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு. அதுதான் இடம். ஒரு தடவையோடு விடாமல் மூன்று தடவை செய்து பாருங்கள். பொட்டு ஒரே இடத்தில் விழ வேண்டும்.

பொனட் ஒரே தகடு இல்லை. மேலே நமக்குத் தெரிவது ஒன்று. உள்ளே விலா எலும்பு மாதிரி இன்னொன்று. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் நட்டை இறுக்கினால் மேல்தகடு குழிந்துவிடும். அதனால் மேல்தகடு மட்டும் உள்ள இடமாக, அல்லது இரண்டும் ஒட்டியிருக்கும் இடமாக வருமாறு பின்னைக் கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்தித் தெரிவு செய்யுங்கள். பின்னுக்கு ஓட்டை போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. நான் பிறகுதான் பார்த்தேன். அதிர்ஷ்டத்துக்குச் சரியாக வந்தது.

கீழிருந்து 3 மில்லிமீற்றர் பிட்டால் வழிகாட்டி ஓட்டை. பிறகு மேற்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, 6, 10 என்று படிப்படியாகப் பெருப்பித்து, கடைசியில் தம்பி தந்த பெரிய பிட். டேப் இல்லாமல் செய்தால் பிட் வழுக்கிப் பெயின்ட்டில் கோடு இழுக்கும். இரண்டாவது பக்கம் எனக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு விரல் நீளக் கோடு. மகன், "வாப்பா, மூத்தவாப்பாட காரக் கீறிட்டீங்க" என்றான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரும்புத்தூள் கண்ணுக்குப் போனால் பூட்டும் வேண்டாம், காரும் வேண்டாம் என்றாகிவிடும்.

பொனட் நேராக மேலே போவதில்லை, பின்பக்கக் கீலில் சுற்றித்தான் எழும்புகிறது. அதனால் பின்னின் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்டால் திறக்கும்போது சிக்கும். வட்ட அரத்தால் முன்பின்னாகக் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். தகடு மேலே வந்து மறைத்துவிடும்.

அடுத்து, நம்மைப் போல கடலோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. வெட்டிய விளிம்பை அப்படியே விட்டால் உப்புக் காற்றுக்குக் கறள் உடனே பிடிக்கும். ஓட்டையின் விளிம்பு முழுவதும் கறள் தடுக்கும் ப்ரைமர் பூசிக் காயவிட்டு, பிறகு பெயின்ட் பூசினேன். விழுந்த தூளைப் பிரஷால் கூட்டி, காந்தத்தாலும் ஒரு தரம் எடுத்தேன். ஒரு மூலையில் விட்டுப்போன தூள் அடுத்த நாள் காலையில் செம்மஞ்சள் புள்ளியாக நின்றது.

தகட்டைப் பொருத்தும்போது தம்பி சொன்ன மூன்றாவது விஷயம். கிட்டோடு வருகிற ஸ்க்ரூவின் தலை வெளியே தெரியும். ஸ்க்ரூ ட்ரைவர் வைத்திருக்கும் கள்ளனுக்குச் சாவி தேவையில்லை. அதனால் மேலே வழுவழுப்பான தலையுள்ள போல்ட் போட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் இறுக்கினேன்.

கடைசியில் பின்னின் உயரம். அதிகம் உயர்ந்தால் பூட்டு மாட்டினாலும் பொனட் ஆடிக்கொண்டே இருக்கும். அதிகம் தாழ்ந்தால் பூட்டு மாட்டாது. நட்டைத் திருப்பித் திருப்பி ஆறேழு தடவை மூடிப் பார்த்துத்தான் சரி வந்தது. பிறகு இரண்டு நட்டையும் ஸ்பெனரால் இறுக்குங்கள். பழைய கொழுக்கியைக் கழற்றிவிடாதீர்கள். ஓடும்போது பொனட்டைப் பிடித்து வைப்பது அதன் வேலை. புதுப் பூட்டு அதற்குத் துணை மட்டும். அறுந்த கம்பியையும் அன்றே மாற்றினேன். காலையில் தொடங்கி அஸருக்கு முன் முடிந்தது.

பாவிக்கும்போது மறக்கக் கூடாதவை சில:

பொனட் சாவியை கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் போடுங்கள். வழியில் இஞ்சின் சூடேறினாலோ புகை வந்தாலோ சாவி வீட்டில் இருந்து பயனில்லை. மற்றச் சாவி வீட்டில் இருக்கட்டும், காருக்குள் வேண்டாம்.

பூட்டின் துவாரத்துக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். நம் ஊர் மணல் அதில் ஒட்டிச் சாவி இறுகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டித் தூளாக்கிச் சாவியில் தடவிப் போட்டால் போதும்.

பெட்டரியின் பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். சீரியல் நம்பரைப் போனில் படமெடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது என்னிடம் அது இருக்கவில்லை. பெட்டரி கிடைத்தாலும் என்னுடையது என்று எதைக் காட்டுவேன்?

இன்னொன்று. களவெடுத்த பெட்டரியை யாரோ வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு எப்போதும் விலை இருக்கிறது. பாதி விலைக்கு நல்ல பெட்டரி வந்தால், எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்தப் பூட்டு எல்லாவற்றையும் தடுக்காது. இரும்புக் கம்பியோடு வருகிறவன் பொனட்டை நெம்பலாம். ஆனால் சத்தம் வரும், நேரம் எடுக்கும். விரலால் இழுத்துத் திறக்கிற நிலை இனி இல்லை.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது டாங்கி மூடிக்கெல்லாம் பூட்டுப் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் பூட்டுப் போட்டார் என்று யாரும் கோபிக்கவில்லை. போட்டதால் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியும் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். நான் மூன்று வருடம் கட்டாமல் விட்டதற்குத் தவக்குல் என்று பெயர் வைத்திருந்தேன். அது சோம்பல். அந்தச் சோம்பலுக்கு வந்த செலவில் பெட்டரிக்காசை நான் கட்டினேன். மிச்சத்தை ஒரு பிள்ளையின் பத்து நாள் சம்பளத்திலும் அவனுடைய உம்மாவின் கண்ணீரிலும் கட்டவைத்தேன்.

பெட்டரியை எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இனி என் வாயிலிருந்து ஒரு பெயரும் வராது.

அன்று கடையில் என்னோடு இருந்தவர்களுக்கும், அவர்களிடமிருந்து கேட்டவர்களுக்கும், கேட்டு இன்னொருவருக்குச் சொன்னவர்களுக்கும் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: நான் சொன்னது பிழை. அந்தத் தம்பிக்கும் அந்தக் களவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலாளியிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவன் திரும்ப வேலைக்குப் போகிறான். போன பத்து நாளின் சம்பளத்தை நான் கொடுக்கப் போனபோது அவன் வாங்கவில்லை. அவனுடைய உம்மா வாங்கினார், அல்ஹம்துலில்லாஹ். வாங்கியதுதான் எனக்கு ஆறுதல்.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேரப் போடாதீங்க சேர், மத்தப்படி எழுதுங்க" என்றான். தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் கதையைக் கொண்டுபோன கால்கள் இதையும் கொண்டுபோகட்டும்.

பெரிய பிட்டைத் துடைத்து, அதே துணியில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை லுஹருக்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூர் கொஞ்சம் போயிட்டு சேர், நான் தீட்டிக்கிறன்" என்றான்.

பூட்டைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.